முன்னணை என்றால் என்ன, தாத்தா?

தாராவித் தமிழ்க் கிறிஸ்தவர்களில் மிகப் பலர் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள். டிசம்பர் பிறந்ததும் வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும். அடுப்படியில் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் தயாராகும். செம்பூரில் எங்கள் வீட்டிலும் அப்படியே. பக்கத்து கோவாக்காரர் வீட்டிலிருந்து குல்குல் வரும்.

ஆனாலும் விடியற்கால ஆராதனையில் கீர்த்தனை பாடினால்தான் எங்களுக்குக் கிறிஸ்துமஸ். தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1715-லேயே புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். பாளையங்கோட்டையில் 1774-ல் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் கர்நாடக ராகங்களில் கிறிஸ்துவைப் பாடினார். அந்தப் பாடல்களை இன்றும் சபைகளில் பாடுகிறோம்.

சிக்கல் பேரப்பிள்ளைகளிடம். என் பேத்திக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கீர்த்தனையை மராத்தி எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறாள். மராத்தியில் ழகரம் ஏது? ‘குழந்தை’ இயேசு ‘குளந்தை’ ஆகிவிடுகிறார். (நெல்லையிலும் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறோம், அது வேறு கதை!)

போன வாரம், “முன்னணை என்றால் என்ன, தாத்தா?” என்றாள். மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி என்றேன். “சாமிக்கு வேறு இடமே கிடைக்கலையா?”

1981-ல் நான் ரயில்வே வேலைக்கு வந்திறங்கியபோது, தாராவியில் ஒற்றை அறையில் ஏழு பேர் இருந்தார்கள். எட்டாவதாக எனக்கும் பாய் விரித்தார்கள். பெத்லகேம் சத்திரத்தில் இடமில்லாமல் போனதை அந்த அறையை வைத்துத்தான் அவளுக்கு விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

மற்றப் பாட்டுகளுக்கும் பொருள் சொல்ல வேண்டுமாம். தினமும் சாயங்காலம் ஒரு பாட்டு என்று பேசி வைத்திருக்கிறோம்.