கற்பிட்டி மணலும் நீர் ஊடுவடிதல் மாதிரியுருக்களும்

மழைநீர் மண்ணினுட் புகும் வேகத்தை மண்ணின் இயல்பும் நிலப்பயன்பாடும் ஒருங்கே தீர்மானிக்கின்றன. இத்தொடர்பைக் கணித வடிவிற் கூறும் மாதிரியுருக்கள் புத்தளக் கரையோரத்தில், சிறப்பாகக் கற்பிட்டிக் குடாநாட்டில், எவ்வளவிற்குப் பயன்படும் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1911இல் கிறீன், அம்ற் ஆகிய இருவரும், ஈரமுகம் மண்ணினுட் கூரிய எல்லையாகக் கீழிறங்குகின்றது எனக் கொண்டு சமன்பாடொன்றை அமைத்தனர். பின்னர் ஹோட்டன், ஊடுவடிதல் வீதம் தொடக்கத்தில் உயர்ந்திருந்து, படிப்படியாகக் குறைந்து, ஒரு மாறாநிலையை எய்தும் எனக் காட்டினார். மழையின் செறிவு அவ்வீதத்தை விஞ்சும்போது எஞ்சிய நீர் தரைமேல் ஓடும். காடழிக்கப்பட்ட களிநிலத்திலும், கால்நடை மிதித்து இறுகிய மேய்ச்சல் நிலத்திலும் இவ்வோட்டம் மிகுவதை இம்மாதிரியுருக்கள் நன்கு விளக்குகின்றன.

கற்பிட்டியின் நிலைமை வேறு. மேற்கே கடலும் கிழக்கே களப்பும் சூழ்ந்த இத்தரையின் பெரும்பகுதி ரெகோசொல் வகை மணலாகும். களியில் மணிக்குச் சில மில்லிமீற்றர் நீரே இறங்க, பருமணலில் அது 100 மில்லிமீற்றரையும் தாண்டக்கூடும். எனவே பற்றைக்காடாயினும் தென்னந்தோப்பாயினும் வெங்காயப் பாத்தியாயினும், பெய்யும் மழையைப் பெரும்பாலும் மணல் ஏற்றுக்கொள்கின்றது. வேறுபாடு மேற்பரப்பில் அன்று, வேர்வலயத்தின் கீழேயே உள்ளது.

பற்றையும் தென்னையும் மண்ணீரின் ஒரு பகுதியை ஆண்டு முழுவதும் ஆவியுயிர்ப்பால் வெளியேற்றுகின்றன. பசளையிடாத பற்றைநிலத்திலிருந்து கீழிறங்கும் நீர் ஒப்பளவில் தூயது. சின்ன வெங்காயமோ ஆழமற்ற வேருடையது. அதற்கு இறைத்துப் பாய்ச்சும் நீரின் ஒரு பகுதி, பயிர் கொள்ளாத நைதரசனை நைத்திரேற்றாகச் சுமந்துகொண்டு, எடுக்கப்பட்ட நீர்ப்படைக்கே மீள்கின்றது. ஒவ்வொரு சுழற்சியிலும் ஆவியாவது தூயநீர், எஞ்சுவது உப்பு. கற்பிட்டித் தரைக்கீழ் நீரில் வேளாண்மையால் நைத்திரேற்று மிகுதல் 1980களிலேயே ஆய்வாளரால் எடுத்துக்காட்டப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்துள்ள வழிகாட்டு எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றாகும். மிகையான நைத்திரேற்று, புட்டிப்பாலருந்தும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைக்கவல்லது.

அன்றியும், இந்நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு வில்லையாகும். கைபன்–ஹேர்ஸ்பேர்க் தொடர்பின்படி, கடல்மட்டத்தின் மேலுள்ள ஒவ்வோர் அடி நன்னீருக்கும் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்றல் வேண்டும். ஆகவே மிகை இறைப்பால் நீர்மட்டம் சிறிது தாழினும், கீழிருந்து உவர்நீர் பன்மடங்கு மேலெழ இடமுண்டு.

எனவே இங்கு வேண்டப்படும் மாதிரியுரு, எவ்வளவு நீர் புகுகின்றது என்ற வினாவுடன் நின்றுவிடலாகாது. புகும் நீர் எதைச் சுமக்கின்றது, இறைத்ததில் எவ்வளவு மீள்கின்றது என்பவற்றையும் அது கணித்தல் வேண்டும். வேராழம், பசளையிடும் அளவும் காலமும், இறைப்பு, கிணற்று நீர்மட்டம் ஆகியன அதன் உள்ளீடுகளாதல் தகும். பசளையைச் சிறு தவணைகளாக இடுதல், பயிரின் தேவைக்கேற்ப நீரைக் குறைத்தல் ஆகியவற்றின் பயனை, உழவர்மேல் சுமத்துமுன் இத்தகைய மாதிரியுருவிற் சோதித்தறியலாம். பயிருக்கு இறைக்கும் நீரும் குழந்தைக்கு வார்க்கும் நீரும் ஒரே மணலிலிருந்து ஊறும் இடத்தில், இது வெறும் கணிதப் பயிற்சியன்று.