விண்மீன் மறையும் விநாடி

செஞ்சியில் நின்று மேற்கே நோக்கினால், சாயும் விண்மீன் ஒன்று இராசகிரியின் முகட்டில் சட்டென மறைவதைக் காணலாம். சற்றுத் தள்ளி நிற்பவருக்கோ அது இன்னும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். இருவர் கூற்றும் உண்மையே. இவ்வாறு பலர் தாம் நின்ற இடத்தையும் அது மறைந்த நேரத்தையும் பிழையின்றிக் குறித்தால், அக்குறிப்புகளைக் கொண்டே மலைமுகட்டின் வடிவை வரைந்துவிடலாம்.

மலை செய்வதைச் சந்திரனும் செய்கிறது. ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை என்னும் பெயர்களை நம் இல்லங்கள் நன்கறியும். இவற்றின் ஒளிமிக்க விண்மீன்கள் சந்திரனின் வழியை ஒட்டியே உள்ளமையால், சில ஆண்டுகளில் அது அவற்றை மறைத்துச் செல்கிறது. வளர்பிறையில் சந்திரனின் இருண்ட விளிம்பு விண்மீனை எட்டியதும், ஊதி அணைத்த அகல்விளக்குப் போல் அது ஒரே கணத்தில் அவிந்துவிடும். ஒளியைப் படிப்படியாக மங்கச் செய்யும் காற்று மண்டலம் அங்கில்லை.

சந்திரன் விநாடிக்கு ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நகர்கிறது. எனவே, பத்திலொரு விநாடி பிசகாமல் நேரங்குறிப்பவர், நெடுந்தொலைவிலுள்ள அதன் விளிம்பை ஏறக்குறைய 100 மீட்டர் நுட்பத்தோடு அளந்தவராகிறார். இதற்குப் பட்டமோ பதவியோ வேண்டுவதில்லை. சிறு தொலைநோக்கியும், சரியான கடிகாரமும், பொறுமையும் போதும். உலகின் பல நாடுகளில் வானியல் ஆர்வலர்கள் பலர் இப்பணியைச் செய்து வருகின்றனர்.

இதன் பயனை அறிய நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. செஞ்சிக்கு வடமேற்கே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையம் உள்ளது. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை நெருங்கிய வேளையில், ஜே. சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி என்னும் வானியல் அறிஞர் இருவர் அங்கு விழித்திருந்தனர். கோள் எட்டுமுன்பே விண்மீனின் ஒளி சில விநாடிகள் தாழ்ந்து மீண்டது. அறியாத துணைக்கோள் ஒன்று குறுக்கிட்டதென்றே முதலில் எண்ணப்பட்டது. அதே வேளையில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்தில் ஜேம்ஸ் எலியட் குழுவினர், கோளின் இருபுறமும் ஒளி பன்முறை தாழக் கண்டனர். குறிப்புகள் ஒன்றுசேர்ந்தபோதுதான், யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்னும் உண்மை துலங்கியது.

ஒருவர் கண்டது ஒரு துளி. பலர் கண்டதைச் சேர்த்தபோது முழு வடிவம். ஆர்வலர்களின் பணியும் இத்தகையதே. 1983 மே 29ஆம் நாள் பல்லாஸ் என்னும் சிறுகோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, வட அமெரிக்காவில் ஏராளமானோர் வெவ்வேறிடங்களில் நின்று நேரங்குறித்தனர். விண்மீன் எவ்வளவு நேரம் மறைந்திருந்தது என்னும் ஒவ்வொரு குறிப்பும், அச்சிறுகோளின் குறுக்கே இழுத்த ஒரு கோடாயிற்று. கோடுகள் சேர்ந்து அதன் வடிவைக் காட்டின.

இங்கு நாம் மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. இரவெல்லாம் காத்திருந்தும் விண்மீன் மறையவே இல்லை என்று எழுதியவரின் உழைப்பும் வீணன்று. சிறுகோளின் நிழல் அவர் நின்ற இடத்தை எட்டவில்லை என்பதை அக்குறிப்பே உரைக்கிறது. நிழலின் எல்லை அவராலேயே தெளிவாகிறது. மாறாக, வெறுங்கையோடு திரும்ப நாணி, கண்டதாக ஒருவர் பொய்யெழுதினால், உண்மையாய் உழைத்த அனைவரின் கணக்கும் பிழைபடும்.

அடுத்த வளர்பிறையில் நம் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் செல்வோம். ஏட்டையும் கடிகாரத்தையும் அவர்கள் கையில் கொடுப்போம். கண்டதைக் கண்டபடி எழுதவும், காணாததைக் காணவில்லை என்றே எழுதவும் பழக்குவோம். வானம் கற்பிக்கும் இப்பாடம் வீட்டிற்கும் ஏற்ற பாடமன்றோ?