ஏறும் முன் இறங்கக் கற்போம்: ஹோவர்போர்டு ஓட்டுவோர் அறிய வேண்டியவை

இரண்டு சக்கரங்கள், நடுவே கால் வைக்க ஒரு பலகை, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஹோவர்போர்டு என்று கடைகளில் விற்கும் இந்த மின்பலகையைப் பல பிள்ளைகள் ஒரே மாலையில் ஓட்டப் பழகிவிடுகிறார்கள். ஆனால் ஓட்டத் தெரிந்தவருக்கு இறங்கத் தெரியும் என்று சொல்லிவிட முடியாது. ஆபத்து இருப்பதும் அங்கேதான். இந்தப் பலகை பரவத் தொடங்கிய 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும், அமெரிக்காவில் சுமார் 27 ஆயிரம் சிறுவர் சிறுமியர் இதில் காயமடைந்து அவசர சிகிச்சைக்கு வந்ததாக ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழின் 2018ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்டது. அவர்களின் சராசரி வயது 11. ஏறத்தாழ 40 சதவீதம் எலும்பு முறிவுகள். அதிகம் அடிபட்டது மணிக்கட்டு. அடுத்து முன்கையும் தலையும். விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு. அந்த இயல்பையே முதலில் மாற்றிப் பழக வேண்டியிருக்கிறது.

பலகை எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் அது எப்போது தள்ளிவிடும் என்பதும் தெரிந்துவிடும். உள்ளங்கையில் ஒரு கம்பை நிமிர்த்தி வைத்து, அது சாயும் பக்கம் கையை நகர்த்தும் விளையாட்டுதான் இதன் அடிப்படை. உடல் முன்னே சாய்வதைக் கைரோஸ்கோப் உணர்ந்ததும், மோட்டார் சக்கரத்தை முன்னே ஓட்டி உடலுக்கு அடியில் கொண்டுவருகிறது. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்கும். ஒன்று, மோட்டாரிடம் மிச்சத் திறன் இருக்கும்வரைதான் இந்த ஏற்பாடு செல்லும். உச்ச வேகத்திலோ, ஏற்றத்திலோ, சார்ஜ் தீரும் நேரத்திலோ மேலும் சாய்ந்தால், சக்கரம் ஈடுகொடுக்க முடியாமல் ஓட்டுபவர் முன்பக்கம் விழுவார். பலகை பீப் ஒலி எழுப்புவது அதற்கான எச்சரிக்கை. உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். மற்றொன்று, பலகையின் இரு பாதிகளும் தனித்தனியே இயங்குபவை. ஒரு காலைத் தயங்கித் தயங்கி எடுத்தால், அந்த அசைவையே கட்டளையாக எடுத்துக்கொண்டு பலகை சுழன்றுவிடும். புதியவர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் தடுமாறுவது இதனால்தான்.

இதற்கான பாடமுறையைத் தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில், கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவ இளைஞர்கள் வளர்த்தெடுத்த அலைச்சறுக்குக் கலை இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடக்கும் அளவுக்கு அது வளர்ந்திருக்கிறது. அலைச்சறுக்கில் புதியவரை நேரே அலைக்குள் விடுவதில்லை. முதலில் மணலில் பலகையைப் போட்டு, படுக்கவும் எழவும் பழக்குகிறார்கள். தட்டையாக விழுவது எப்படி, நீரிலிருந்து எழும்போது கைகளால் தலையை மறைப்பது எப்படி என்பதெல்லாம் சவாரிக்கு முந்தைய பாடங்கள். தண்ணீரில் விழுவதற்கே இவ்வளவு பயிற்சி என்றால், சிமெண்ட் தரையில் விழக்கூடியவருக்கு அது எவ்வளவு தேவை!

அந்த வரிசையையே மின்பலகைக்கும் கொண்டுவரலாம். ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, முழங்கை, முழங்கால் காப்புகள் இல்லாமல் தொடங்கக் கூடாது. சமமான, காய்ந்த தரையில் பெரியவர் ஒருவர் எதிரே நின்று இரு கைகளையும் பிடித்துக்கொள்ளட்டும். ஒரு காலை வைத்து, பலகை மட்டமானதும் தயங்காமல் மறுகாலை வைக்க வேண்டும். பார்வை காலடியில் அல்ல, எதிரே இருக்கட்டும். முழங்கால் சற்றே மடங்கியிருக்கட்டும். பலகை முழுதாக நின்ற பிறகு, ஒரு காலைச் சட்டென்று பின்பக்கமாக எடுத்து வைத்து இறங்க வேண்டும். முன்பக்கம் இறங்கினால், பலகையில் மிஞ்சியிருக்கும் காலின் விரல்கள் அழுத்த, பலகை பாய்ந்து கணுக்காலில் மோதும். பிடிமானமின்றி ஏறி இறங்குவது கைவந்த பிறகே முன்னே ஓட்டலாம். திருப்பம் அதற்கும் பிறகு.

மணிக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்துக்கு ஹெல்மெட் எதற்கு என்று கேட்கலாம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். பலகை அசையாமல் நின்றாலும் தலைக்கு இந்த ஆபத்து உண்டு. பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது, ஓட்டக் கற்றுக்கொள்வார்கள். ஆனால் விழுந்து கற்கும் பாடத்துக்கு மணிக்கட்டை விலையாகக் கொடுக்கத் தேவையில்லை. சாலையில் ஓட்டினால் என்ன என்ற கேள்விக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்த்தாலே விடை கிடைக்கும். பேருந்தும் காரும் விரையும் சாலை அது. காற்று கொண்டுவந்து சேர்க்கும் மணலில், ஆறரை அங்குலச் சக்கரம் வழுக்கிவிடும். கடற்கரை மணலோ சக்கரத்தைப் புதைக்கும். உப்புநீர் பேட்டரியைக் கெடுக்கும்.

பேட்டரியிலும் கவனம் வேண்டும். தீப்பற்றும் அபாயத்தால் 2016 ஜூலையில் அமெரிக்காவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பலகைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றின் மின் பாதுகாப்புக்கென யு.எல். 2272 என்ற தரநிலையும் அதே ஆண்டு வந்தது. வாங்கும்போது அந்தச் சான்றைப் பார்ப்பதும், வெயிலில் வைத்தோ இரவெல்லாம் கவனிக்காமலோ சார்ஜ் போடாமலிருப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன.

இத்தனை நிபந்தனை போட்டால் பிள்ளைகளின் உற்சாகம் வடிந்துவிடும் என்பது சிலரின் அச்சம். மணலில் பழகியதால் கோவளத்துப் பிள்ளைகளுக்கு அலை மீதான ஆசை குறைந்துவிடவில்லை. அடுக்குமாடி வளாகமோ பள்ளியோ, வாகனம் நுழையாத ஒரு சமதரையை மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பெற்றோர் பலகை வாங்கும் அன்றே காப்புக் கவசங்களையும் வாங்க வேண்டும். இறங்கத் தெரியாத பிள்ளையைத் தனியே ஏறவிடவே கூடாது.