மனநல நர்சிங் படிப்பு: சேரும் முன்பும் வார்டுக்குள்ளும் தெரிந்திருக்க வேண்டிய உரிமைகள்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளிகளை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவதை 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்று தடை செய்கிறது. 2018 மே 29 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

ஆனால் டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகு, இரவெல்லாம் நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் செவிலியர்தான். சட்டம் வார்டுக்குள் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது அவருடைய பயிற்சியைப் பொறுத்தது. அதனால் இந்தப் படிப்பில் மாணவிக்கு நடக்கும் அநியாயம் அவரோடு நிற்பதில்லை. நாளை அவர் பார்க்கப்போகும் நோயாளியையும் போய்ச் சேர்கிறது. மகளையோ மகனையோ இந்தப் படிப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும்.

சேரும் முன் என்ன பார்க்க வேண்டும்?

நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங்கில் மனநல நர்சிங் ஒரு பாடம் மட்டுமே. அதிலேயே நிபுணராக வேண்டுமானால் ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ அல்லது இரண்டு வருட எம்.எஸ்சி. படிக்க வேண்டும். எம்.எஸ்சி.க்கு பி.எஸ்சி. அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யில் 55 சதவீத மதிப்பெண், நர்சிங் கவுன்சில் பதிவு, ஒரு வருட வேலை அனுபவம் ஆகியவை தேவை.

ஒரு கல்லூரிக்கு பி.எஸ்சி. நடத்த அனுமதி இருப்பதாலேயே எம்.எஸ்சி. நடத்தவும் அனுமதி இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எம்.எஸ்சி. நடத்துகிற கல்லூரியிலும் மனநலப் பிரிவுக்குத் தனியாக இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் வெளியிடும் பட்டியலில் கல்லூரியின் பெயர், படிப்பு, பிரிவு, இடங்களின் எண்ணிக்கை நான்கையும் பாருங்கள். பல்கலைக்கழக இணைப்பையும் சரிபாருங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான நர்சிங் கல்லூரிகள் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை.

அடுத்த கேள்விதான் மிக முக்கியம்: கிளினிக்கல் போஸ்டிங் எங்கே? நர்சிங் கவுன்சிலின் எம்.எஸ்சி. பாடத்திட்டப்படி, சிறப்புப் பாடத்துக்கு மட்டும் முதல் வருடம் 650 மணி நேரமும் இரண்டாம் வருடம் 950 மணி நேரமும் செய்முறைப் பயிற்சி உண்டு. மொத்தம் 1,600 மணி நேரம். இவ்வளவும் நோயாளிகளோடு கழிய வேண்டிய நேரம். எந்த மருத்துவமனை, எத்தனை படுக்கை, எத்தனை மாதம் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். பிறகு அதே கேள்வியை சீனியர் மாணவிகளிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கல்லூரியை விட்டுவிடுங்கள்.

போகாத போஸ்டிங்கை லாக் புக்கில் நிரப்பி, கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் இடங்களும் உண்டு. அந்த நேரத்துக்குச் சலுகை மாதிரித் தெரியும். கொந்தளிப்பில் இருக்கும் ஒருவரை அமைதிப்படுத்தத் தெரியாமல் முதல் நைட் டியூட்டியில் நிற்கும்போதுதான் இழந்தது என்னவென்று புரியும்.

கட்டணமும் ஒரிஜினல் சான்றிதழும்

சேர்க்கையின்போது ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வெளியிட்ட அறிவிப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. படிப்பை விட்டு விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் அதில் கணக்கு இருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுத் தொகை. இதில் நடைமுறைச் செலவாகச் சிறு தொகையைப் பிடித்துக்கொள்ளலாம். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். தேதி முடிந்த 15 நாளுக்குள் 80 சதவீதம், 30 நாளுக்குள் 50 சதவீதம். அதற்குப் பிறகு எதுவும் கிடைக்காது.

எதைக் கட்டினாலும் ரசீது வாங்குங்கள். விலகும் கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கல்லூரி இழுத்தடித்தால் மாணவர் குறைதீர் குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 ஒழுங்குமுறைப்படி அந்தக் குறைதீர் குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

வார்டுக்குள்: நோயாளியின் உரிமை

இரவு டியூட்டி. ஒருவர் கத்திக்கொண்டே கட்டிலை ஆட்டுகிறார். வார்டில் ஆள் குறைவு. "கையைக் கட்டிவிடும்மா, காலையில் டாக்டர் வந்து பார்த்துக்கொள்வார்" என்று மாணவியிடம் துணிப் பட்டையைக் கொடுக்கிறார்கள். அவர் என்ன செய்ய வேண்டும்?

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97-வது பிரிவு இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. நோயாளிக்கோ பிறருக்கோ உடனடியாகத் தீங்கு வரும் என்ற நிலையில், அதைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் கட்டலாம். பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஊழியர் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கட்டக் கூடாது. தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீடிக்கக் கூடாது. ஏன், எப்படி, எவ்வளவு நேரம் என்பது குறிப்பேட்டில் ஏற வேண்டும். நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். தனி அறையில் அடைப்பது அறவே கூடாது.

எனவே மாணவி மரியாதை குறையாமல் கேட்கலாம்: "சிஸ்டர், ஆர்டர் ஷீட்டில் டாக்டர் எழுதியிருக்காங்களா? நேரம் போட்டுக்கலாமா?" முறையான ஆர்டரோடு கட்டியிருந்தால், விரல்கள் நீலம் பாய்ந்திருக்கின்றனவா, சில்லிட்டிருக்கின்றனவா, பட்டைக்கு அடியில் இரண்டு விரல்கள் நுழைகின்றனவா, தண்ணீர் கொடுத்தாயிற்றா, சிறுநீர் கழிக்க உதவினோமா என்று அடிக்கடி பார்த்து நேரத்தோடு எழுத வேண்டும். அமைதியானவுடன் மருத்துவரிடம் சொல்லி அவிழ்க்க வேண்டும்.

மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் மின் அதிர்ச்சி சிகிச்சை தருவதும், சங்கிலியால் கட்டுவதைப் போலவே, 95-வது பிரிவின்படி தடை செய்யப்பட்டது. தன் விருப்பத்தில் சேர்ந்த நோயாளிக்கு அவர் சம்மதம் இல்லாமல் சிகிச்சை தரக் கூடாது. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து கொடுப்பதும் இதில் அடங்கும். நோயாளியைப் பற்றிய தகவல் ரகசியம். வார்டில் செல்ஃபி எடுக்காதீர்கள். கேஸ் ஸ்டடியில் பெயரையும் ஊரையும் நீக்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் எதையும் பகிராதீர்கள்.

மீறல் நடந்தால், நோயாளியோ அவருடைய பிரதிநிதியோ முதலில் பொறுப்பு மருத்துவ அதிகாரியிடமும், பிறகு மனநல மறுஆய்வு வாரியத்திடமும், அதன் பிறகு மாநில மனநல ஆணையத்திடமும் முறையிடலாம். இதற்கு இலவச சட்ட உதவி பெறுவது அவர்களின் உரிமை. தேசிய சட்ட உதவி எண் 15100. இந்த விவரத்தை அவர்களுக்குச் சொல்வது மாணவியின் வரம்பை மீறிய செயல் ஆகாது. கண்ணால் கண்டதைத் தேதி, நேரத்தோடு எழுதி இன்சார்ஜ் சிஸ்டரிடமும் கல்லூரி ஆசிரியரிடமும் கொடுங்கள். ஊகத்தை எழுத வேண்டாம். நோயாளியின் ஆவணங்களை வெளியே எடுத்து வர வேண்டாம்.

உங்கள் உடலும் பாதுகாப்பும்

மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் வன்முறையாளர்கள் அல்ல. ஆனாலும் கொந்தளிப்பில் இருப்பவரிடம் தனியாகப் போகாதீர்கள். வாசலை அடைத்துக்கொண்டோ, வாசல் எட்டாத மூலையிலோ நிற்காதீர்கள். துணைக்கு ஆள் கேட்பது மாணவியின் உரிமை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணையையும் போஸ்டிங்குக்கு முன்பே முடித்துவிடுங்கள். திமிறும் நோயாளிக்கு ஊசி போடும்போது கையில் குத்திவிட்டால், பிழியாமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே தகவல் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. திட்டுவார்களோ என்று மறைத்தால் அந்த நேரம் கைவிட்டுப் போகும்.

பாலியல் தொல்லை போஸ்டிங் நடக்கும் மருத்துவமனையில் நேர்ந்தாலும் கல்லூரியின் உள் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பு உண்டு. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். ராகிங் என்றால் 1800-180-5522 எந்நேரமும் இயங்கும்.

உங்கள் மனதும் இந்தப் படிப்பில் சோதனைக்கு ஆளாகும். நேற்றுவரை பேசிக்கொண்டிருந்த நோயாளி தற்கொலை செய்துகொண்டால் அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். அன்றே ஆசிரியரோடு உட்கார்ந்து பேசக் கேளுங்கள். தூக்கம் போனாலோ, வார்டு என்றாலே நெஞ்சு படபடத்தாலோ 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். உதவி கேட்பவர் இந்தத் தொழிலுக்குத் தகுதியற்றவர் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

படித்து முடித்த பிறகு

கூடுதல் தகுதியை மாநில நர்சிங் கவுன்சிலில் பதியுங்கள். மனநல வல்லுநராகப் பணிபுரிய மாநில மனநல ஆணையத்திலும் பதிவு வேண்டும். வேலைக்குச் சேரும் நிறுவனம் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். பதிவில்லாத இடம் என்று தெரிந்தே மனநல வல்லுநராக வேலை பார்த்தால் 25,000 ரூபாய் வரை அபராதம் உங்கள் மேலேயே விழும்.

இந்தச் சட்டத்தைப் பரீட்சைக்கான பாடமாக மட்டும் படிக்காதீர்கள். 95, 97-வது பிரிவுகளையும் புகார் செய்ய வேண்டிய இடங்களையும் ஒரே தாளில் தமிழில் எழுதி, உங்கள் வார்டில் நோயாளியும் உறவினரும் படிக்கும்படி ஒட்ட அனுமதி கேளுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் எழுத்தில் காரணம் கேளுங்கள். பயிற்சிக் காலத்திலேயே கேள்வி கேட்டுப் பழகியவரால்தான் பணிக்கு வந்த பிறகும் நோயாளிக்காகக் குரல் கொடுக்க முடியும்.