மாஸ்கோவில் இறங்கிய கொடியும் பீருமேட்டுத் தேயிலையும்

1991ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, மாஸ்கோ நகரத்துக் கிரெம்ளின் மாளிகையின்மீது பறந்த செங்கொடி இறக்கப்பட்டது. வல்லரசுகளின் சமநிலை மாறிவிட்டதென அறிஞர் பலர் அப்போது எழுதினர். நாம் ஈண்டு எழுதப் புகுவது வல்லரசுகளைப் பற்றியன்று. இடுக்கி மலையில் கொழுந்து கிள்ளும் நம்மவர் வீட்டு அடுப்பைப் பற்றியே.

கம்யூனிஸ்டு ஆட்சியின் வீழ்ச்சி என்றவுடன், தேவிகுளத்துப் பெரியோர் சிலர்க்கு 1959 ஜூலை 31இல் ஈ. எம். எஸ். மந்திரிசபை நீக்கப்பட்டதே நினைவுக்கு வரும். அது உள்நாட்டுக் கதை. பிறிதொரு முறை பேசலாம்.

சோவியத் ருஷ்யாவே நெடுங்காலம் நம் நாட்டுத் தேயிலையை மிகுதியாக வாங்கிய நாடு. வாணிபம் ரூபாயிலேயே நடந்தது. நாம் வாங்கிய போர்க்கருவிகளுக்கும் இயந்திரங்களுக்கும் ரூபாயில் விலை கொடுத்தோம்; அந்த ரூபாயைக் கொண்டு அவர்கள் நம் தேயிலையை வாங்கினர். டாலர் தேடி அலைய இரு சாராரும் வேண்டுவதில்லை. 1971 ஆகஸ்டு 9இல் தில்லியில் கையொப்பமான நட்புறவு உடன்படிக்கை, ஒருவர்க்குத் தாக்குதல் நேருமாயின் இருவரும் கலந்தாலோசிக்க வேண்டுமென விதித்தது. நாட்டின் காவலுக்கென எழுந்த அந்த நட்பு, கொச்சி ஏலச் சந்தையில் தேயிலை விலைக்கும் ஒரு காவலாக இருந்ததை லயங்களில் வாழ்ந்தோர் அறிந்திருக்க நியாயமில்லை.

1993இல் எல்த்ஸின் தில்லிக்கு வந்தபோது புதிய உடன்படிக்கை உண்டாயிற்று. பழைய பாதுகாப்பு விதி அதில் இடம்பெறவில்லை. பழைய கடனை ரூபாயில் திருப்பிச் செலுத்தவும், அத்தொகைக்கு ருஷ்யர் இந்தியப் பொருள்களை வாங்கவும் ஏற்பாடாயிற்று. அதனால் விழவேண்டிய அடி சில ஆண்டுகள் தள்ளி விழுந்தது எனலாம். 1998 ஆகஸ்டில் ரூபிள் நாணயம் சரிந்தது. ருஷ்ய வணிகர் தாம் விரும்பிய இடத்தில் வாங்கத் தலைப்பட்டனர். இலங்கைத் தேயிலை அச்சந்தையில் ஓங்கிற்று. அதைக் கிள்ளிய கைகளிலும் பல தமிழ்க் கைகளே என்பதை எண்ணுந்தோறும் நமக்கு மகிழ்வதா வருந்துவதா என்று தோன்றவில்லை.

பழியனைத்தையும் மாஸ்கோவின்மேல் சுமத்துதல் முறையன்று. கிழடுதட்டிய செடிகளைப் பிடுங்கிப் புதியன நடாத முதலாளிமாரும் உண்டு. ஆயினும் விலை வீழ்ந்தபோது தாங்குவாரில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பீருமேட்டுப் பகுதியில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. கூலி பாக்கி நின்றது. சேமநிதியும் பணிக்கொடையும் கைக்கு வரவில்லை. லயத்து வீடோ தோட்டத்துக்குரியது. அதை விட்டு இறங்கினால் பாக்கியைக் கேட்கும் வழியும் போய்விடுமென அஞ்சி, ஒழுகும் கூரையின்கீழேயே பல குடும்பங்கள் தங்கின. பாட்டனார் காலத்தில் குமுளி வழியாக ஏறி வந்தோர்க்குத் திரும்பிச் செல்லத் தேனியிலோ திருநெல்வேலியிலோ ஒரு காணி நிலமும் மிச்சமில்லை.

மூணாற்றில் கதை வேறுவிதம். 2005இல் டாட்டா தேயிலைக் கம்பெனி பெரும்பாலான தோட்டங்களை விட்டு விலகிற்று. கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி என்னும் புதிய நிறுவனத்தில் பணியாளரே பெரும்பான்மைப் பங்குதாரராயினர். தோட்டங்கள் மூடப்படவில்லை. ஆனால் பங்குச் சீட்டு வைத்திருந்த பெண்களே 2015 செப்டம்பரில் போனஸுக்காகச் சாலையில் அமர நேர்ந்தது.

பாலக்காட்டு எல்லையில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை உழவர்க்கு இச்செய்தி நேரே பொருந்தாது. நெல்லியாம்பதி மலையில் உறவுடையோர்க்கு ஓரளவு பொருந்தும்.

2022 ஜூலையில், உக்ரேன் போர் தொடங்கிய பின்னர், அயல்நாட்டு வாணிபக் கணக்கை ரூபாயிலேயே தீர்க்க ரிசர்வ் வங்கி வழிவகுத்தது. பழைய ஏற்பாட்டின் சாயல் அதில் உண்டு. பீருமேட்டில் காடாய் வளர்ந்துவிட்ட செடிகளுக்கு அது எட்டுமா என்பது ஐயமே. அங்கு உறவினரை உடைய நம் குடும்பத்தார், அவர்தம் பழைய சம்பளச் சீட்டுகளையும் சேமநிதிக் கணக்கு எண்ணையும் கேட்டு வாங்கி, ஒரு படி எடுத்துத் தம்மிடம் வைத்திருத்தல் நலம். ஒழுகும் கூரையின்கீழ்க் காகிதம் நெடுநாள் நில்லாது.