வீட்டுத் தோட்டத்திற்கு டயாட்டம் மண்: பயனும் எச்சரிக்கையும்

திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரங்களில் நெசவும் வேளாண்மையும் அண்டை வீட்டுத் தொழில்கள். பல இல்லங்களில் ஒரே வீட்டுத் தொழில்கள். முன்கட்டில் தறி ஓடும். பின்கட்டில் கத்தரியும் அவரையும் பீர்க்கும் நாலைந்து மிளகாய்ச் செடிகளும் கிணற்று நீரை நம்பி நிற்கும். கரிசல் புஞ்சையில் பருத்தியும் மல்லியும் பயறும் விளைவிக்கும் அங்கத்தினர் இல்லத்திலும் கொல்லைப்புறம் இப்படியே இருக்கும். இச்சிறு தோட்டத்திற்கு அசுவினியும் எறும்பும் வண்டும் வந்துவிட்டால், பருத்திக்கு வாங்கி வைத்த கடுநஞ்சில் மிச்சத்தைக் கலக்கித் தெளித்துவிடுவது சிலரது வழக்கம். மறுநாள் பறிக்கும் அவரைக்காய் குழந்தையின் வாய்க்குப் போகிறது என்பதை அவ்வேளையில் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்நிலையில், ‘நஞ்சில்லாத பூச்சிப்பொடி’ என்ற பெயருடன் டயாட்டம் மண் என்னும் வெண்ணிறப் பொடி கடைகளிலும் தபால் வழியாகவும் கிடைத்து வருகிறது. சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் அங்கத்தினர் நம்மிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். இப்பொடி மெய்யாகவே தீங்கற்றதா? சங்கமே மொத்தமாக வாங்கி வழங்கலாமா? இரண்டிற்கும் ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆதலின் விளக்கமாகவே எழுதுகிறோம்.

இப்பொடி யாது?

கடலிலும் ஏரியிலும் டயாட்டம் என்னும் நுண்பாசிகள் வாழ்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத இவ்வுயிர்கள் நீரில் கரைந்துள்ள சிலிக்காவைக் கொண்டு தம் உடலைச் சுற்றிக் கண்ணாடி போன்ற ஓடு கட்டிக்கொள்கின்றன. அவை மடிந்தபின் ஓடுகள் அடித்தளத்தில் படிந்து, பல இலட்சம் ஆண்டுகளில் மென்மையான பாறையாகின்றன. அப்பாறையை வெட்டி அரைத்ததே டயாட்டம் மண்.

எண்ணற்ற நுண்துளைகள் உடைமையால் இம்மண் தன் எடைக்கு மிஞ்சிய திரவத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆல்பிரட் நோபல் 1867ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற டைனமைட் வெடிமருந்து, நைட்ரோகிளிசரின் என்னும் திரவத்தை இம்மண்ணில் ஊறவைத்துச் செய்யப்பட்டதேயாகும். நம் வட்டாரத்தில் கிணறு வெட்டப் பாறைக்கு வெடி வைத்த கதைகளைக் கேட்டவர்களுக்கு இச்செய்தி வியப்பளிக்கலாம். நீரையும் எண்ணெயையும் வடிகட்டும் தொழில்களிலும் இது பெருமளவில் பயன்படுகிறது. அமெரிக்க நாட்டில் 1960ஆம் ஆண்டிலேயே இது பூச்சிக்கொல்லியாகப் பதிவு செய்யப்பட்டது.

பூச்சியை எவ்வாறு கொல்கிறது?

பூச்சியின் மேல்தோலில் மெழுகு போன்ற மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. உடலின் ஈரம் வெளியேறாமல் காப்பது அப்பூச்சே. பொடியின் மீது பூச்சி ஊர்ந்து செல்லும்போது துகள்கள் உடலில் ஒட்டி அம்மெழுகை உறிஞ்சிவிடுகின்றன. தோலையும் ஓரளவு தேய்த்துவிடுகின்றன. காவல் இழந்த பூச்சி ஈரம் வற்றிச் சாகிறது. இதில் இரசாயன நஞ்சின் வேலை ஒன்றுமில்லை.

இதிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, பொடி உலர்ந்திருந்தால்தான் வேலை செய்யும். மழை நாளிலும் நீர் தெளித்த செடியிலும் பயனில்லை. இரண்டாவது, பூச்சி பொடியைத் தொட்டால்தான் சாகும். ஆதலின் காயினுள் புகுந்த கத்தரித் துளைப்பானையோ, பருத்திக் காயினுள் இருக்கும் செங்காய்ப் புழுவையோ இது ஒன்றும் செய்யாது. மூன்றாவது, சாவதற்குச் சில நாட்கள் செல்லும். மாலையில் தூவி மறுநாள் காலை பலன் எதிர்பார்ப்போர் ஏமாறுவர்.

எறும்பு, கரப்பான், பூசணி வண்டு, செடியின் அடித்தண்டில் ஊர்ந்து ஏறுவன ஆகியவற்றிற்கு இது ஏற்றது. புஞ்சைப் பயிருக்கு ஏக்கர் கணக்கில் தூவுவதற்கு ஏற்றதன்று.

நஞ்சன்று, ஆயினும் தூசி

இனிக் கூறப்போவதை அங்கத்தினர் ஊன்றிப் படிக்குமாறு வேண்டுகிறோம். தின்றால் கொல்லாத பொருள் சுவாசித்தாலும் தீங்கு செய்யாது என்று எண்ணுவது பெரும் பிழை.

டயாட்டம் மண் இரு வகையாக விற்பனைக்கு வருகிறது. வெட்டியெடுத்து உலர்த்தி அரைத்தது ஒன்று. இதில் உள்ள சிலிக்கா பெரும்பாலும் படிகமற்றது. மற்றொன்று, நீச்சல் குளங்களுக்கும் வடிகட்டும் ஆலைகளுக்கும் வேண்டிச் சூளையில் கடும் வெப்பத்தில் சுட்டது. சுடும்போது சிலிக்காவில் பெரும் பகுதி படிகமாக மாறிவிடுகிறது. படிகச் சிலிக்காவின் நுண்தூசி நுரையீரலின் அடிவரை சென்று தங்கித் தழும்பு உண்டாக்கும். இந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். இதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. காசநோய் பற்றுவதற்கும் இது வழி திறந்துவிடும். மத்தியப் பிரதேசத்து மந்த்சௌர் பகுதியில் சிலேட்டுக் குச்சி அறுத்துப் பிழைத்த தொழிலாளர் குடும்பங்கள் இந்நோயால் சீரழிந்த வரலாறு நாடறிந்தது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, படிகச் சிலிக்காத் தூசியைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் 1997ஆம் ஆண்டு சேர்த்தது.

சுட்ட வகை மலிவாகக் கிடைக்குமானால் அதனைத் தோட்டத்திற்கு வாங்கும் ஆசை எழக்கூடும். அது ஒருபோதும் கூடாது. நிறத்தைக் கொண்டு வகையை அறியவும் இயலாது. சோடா உப்புச் சேர்த்துச் சுட்ட வகை பளிச்சென்ற வெண்ணிறமாகவே இருக்கும். சுடாத வகை சற்று மங்கலாக, சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ இருப்பதும் உண்டு. வெள்ளை வெளேரென்று இருப்பதே தூய்மை என்று எண்ணுதல் இங்கே ஆபத்தாக முடியும்.

சுடாத வகையேயாயினும் அதன் தூசி மூக்கையும் தொண்டையையும் கண்ணையும் உறுத்தும், இருமல் தரும், தோலை வறளச் செய்யும். பஞ்சுத் துகளை நாள் முழுவதும் சுவாசிக்கும் நெசவாளிக்கு இன்னொரு தூசியைச் சேர்ப்பது தகாது. ஆகையால் தறி நிற்கும் அறையில் இப்பொடியைத் தூவுவதை அறவே விலக்க வேண்டும். தறி மிதிபடும்போதெல்லாம் அது மேலெழும்பும். தறியருகே தொட்டில் கட்டியுள்ள இல்லங்களை எண்ணினால் இதன் கடுமை விளங்கும். கரப்பான் தொல்லைக்கு வைப்பதாயின், காற்றோ கையோ படாத சுவர் வெடிப்பினுள் சிறிதளவே வைக்கலாம்.

இடும் முறை

காற்றில்லாத மாலை வேளையே உகந்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பொடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் இதைத் தொடாமலிருப்பதே நன்று. கொரோனாக் காலத்தில் எல்லோரும் அறிந்துகொண்ட என்-95 முகக்கவசத்தை அணிந்துகொள்ள வேண்டும். தோளில் கிடக்கும் துண்டை மடித்துக் கட்டுவது நுண்தூசியைத் தடுக்காது. கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். ஆஸ்துமா, காசம் உடையோரும் குழந்தைகளும் அருகில் இருத்தலாகாது.

மெல்லிய மல் துணியில் சிறிது பொடியை முடிந்து, அடித்தண்டிலும் செடியைச் சுற்றிய மண்ணிலும் மெல்லத் தட்டினால் போதும். இலை வெளிறித் தெரியும் அளவிற்கு இடுவது வீண் செலவு. பொடி பறப்பதை அஞ்சுவோர் நீரில் கலக்கித் தெளிக்கலாம்; நீர் உலர்ந்தபின் பொடி தன் வேலையைத் தொடங்கும். மழை பெய்தால் மீண்டும் இட வேண்டும்.

பூவின் மீது எக்காரணம் கொண்டும் படலாகாது. இப்பொடி நண்பன், பகைவன் என்று பார்ப்பதில்லை. பீர்க்கும் பூசணியும் காய்ப்பது தேனீயின் உழைப்பால். அசுவினியைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டும் இப்பொடியால் சாகும். ஆகவே, பூச்சி கண்ட இடத்தில் மட்டும் இட வேண்டும். ‘இருக்கட்டுமே’ என்று தோட்டம் முழுவதும் தூவுதல் ஆகாது.

நம்மவர் அறிந்த வழிகள்

இக்கருத்து நமக்குப் புதியதன்று. விடியற்காலைப் பனியில் அவரைக் கொடியின் மீது அடுப்புச் சாம்பல் தூவியவர்கள் நம் தாய்மார்களே. துவரைக்கும் தட்டைப்பயறுக்கும் செம்மண் கட்டி, வெயிலில் காயவைத்துக் குலுக்கையில் இட்டு, பயறு வண்டிலிருந்து காத்ததும் நம் முன்னோரே. நுண்ணிய பொடி பூச்சியின் உடலை உலர்த்தும், அதன் நடமாட்டத்தைத் தடுக்கும் என்பதை அவர்கள் பட்டறிவால் கண்டனர். விதைப் பயறுக்கு நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் ஊக்குவித்த கயோலின் களிமண்ணைக் கலந்து வைக்குமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் பரிந்துரை, அவ்வழியின் அறிவியல் வளர்ச்சி எனலாம்.

எரிவாயு அடுப்பு வந்தபின் சாம்பல் அருகிவிட்டது உண்மையே. எனினும் விறகடுப்பு உள்ள இல்லங்களில், பிளாஸ்டிக்கும் குப்பையும் எரிக்காத தூய சாம்பலைச் சலித்து மெல்லிதாக இடலாம். அதிகமாக இட்டால் காரத்தால் இலை கருகும். காசு கொடாமல் கிடைப்பதை முதலில் பார்த்துவிட்டு, அது போதாதவிடத்து மட்டும் விலைப்பொடியை நாடுவதே சிக்கனம் அறிந்தோர் செயல்.

சங்கங்கள் கவனிக்க வேண்டியவை

மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது கூட்டுறவின் அரிச்சுவடி. ஆனால் தவறான பொருளை மொத்தமாக வாங்கினால் கேடும் மொத்தமாகவே வீடு வீடாகச் செல்லும். ஆதலின் நிர்வாகக் குழுவினர் விலைப்புள்ளி கோருமுன் மூன்றைக் கேட்க வேண்டும். பொடி சுடாத வகை என்பதற்கு எழுத்து மூலமான உறுதி உண்டா? படிகச் சிலிக்கா நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவு என்பதற்குச் சோதனைச் சான்று உண்டா? பூச்சிக்கொல்லி என்று கூறி விற்பதாயின், 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பெற்ற பதிவு எண் பொதியின் மேல் அச்சிடப்பட்டுள்ளதா? இம்மூன்றிற்கும் தாள் காட்ட இயலாத வியாபாரியிடம், அவர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்கலாகாது. ஐயம் எழுமாயின், அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தாரை அணுகலாம்.

வாங்கிய மூட்டையைப் பிரித்துத் தாளில் மடித்து விநியோகிக்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். மூட்டை பிரிக்கும் சிப்பந்தியே அதிகத் தூசியைச் சுவாசிப்பவர். சிறு பொதிகளாகவே வாங்கி, மூடியது மூடியபடி வழங்குவதும், இக்கட்டுரையில் கண்ட எச்சரிக்கைகளைச் சங்கப் பலகையில் எழுதி வைப்பதும் நலம்.

பி.எச்.சி. தூளை வெறுங்கையால் அள்ளி வீசிய காலம் ஒன்று இருந்தது. அன்று அதனைத் தீங்கற்றது என்றே பலரும் நம்பினர். 1997ஆம் ஆண்டில் அரசு அதைத் தடை செய்தது. அதற்குள் அத்தூள் மண்ணிலும் பாலிலும் கலந்துவிட்டிருந்தது. டயாட்டம் மண் அதற்கு ஒப்பானதன்று. முறையறிந்து கையாண்டால் நல்ல துணையே. ஆயினும் ‘தீங்கில்லை’ என்ற ஒரு சொல்லை நம்பி எதனையும் அள்ளி வீசும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். அடுத்த பொதுச்சபைக் கூட்டத்தில் இப்பொருளை விவாதத்திற்கு வைத்து, தறியில் இருப்போரும் ஏர் பிடிப்போரும் சேர்ந்து முடிவு செய்வார்களாக.