கட்டணம் இல்லாவிட்டால் மட்டும் போதுமா?

இலவசக் கல்வி என்றால் என்ன என்று உங்கள் அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள். இலங்கையில் 1945இல், கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், பாடசாலைக் கட்டணம் நீங்கியதைச் சொல்வார்கள். ஆனால் வேலை அத்தோடு முடியவில்லை. பாடப்புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தது 1980இல்தான். சீருடை கிடைக்க 1993 ஆயிற்று. கட்டணம் போன பிறகும் புத்தகமும் சட்டையும் வாங்க வழியில்லாத வீடுகள் எத்தனையோ இருந்தன. யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் இதை முன்பே கண்டிருந்தார்கள். 1824இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் படிப்போடு சாப்பாடும் உடையும் கொடுத்தார்கள்.

ஆபிரிக்கக் கிராமங்களில் எயிட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு உதவ நாம் யோசிக்கும்போது இந்தப் பாடம் நமக்குத் தேவை. இன்று உலகில் ஏறத்தாழ 1 கோடி 40 இலட்சம் பிள்ளைகள் இந்நோயால் தாயையோ தகப்பனையோ இருவரையுமோ இழந்திருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலானோர் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் வாழ்கிறவர்கள்.

உகண்டாவைப் பாருங்கள். அங்கே 1997இல் அரசு ஆரம்பப் பாடசாலைக் கட்டணத்தை நீக்கியது. ஆயினும் சீருடை, கொப்பி, பென்சில், மதியச் சாப்பாடு எல்லாம் வீட்டுச் செலவாகவே இருந்தன. தகப்பன் இறந்து, தாயும் படுக்கையில் கிடந்தால் அந்தச் செலவை யார் பார்ப்பது? தண்ணீர் அள்ளவும் தம்பி தங்கையைப் பார்க்கவும் மூத்த பிள்ளைதான் வீட்டில் நிற்க வேண்டும்.

அந்நாட்டின் தென்மேற்கில் நியாககியேசி என்ற கிராமத்தில் பிறந்தவர் ட்வெசிகியே ஜாக்சன் ககூரி. படிப்பதற்கு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் வரை வந்தவர். அவருடைய அண்ணனும், பிறகு அக்காவும் எயிட்ஸ் நோயால் இறந்தார்கள். ஊருக்குப் போனபோது அவர் கண்டது, தம் குடும்பத்தைப் போலவே பல குடும்பங்களில் பிள்ளைகள் தனித்து நிற்பதை. வீடு வாங்கச் சேர்த்து வைத்திருந்த 5,000 டொலரை எடுத்து, அவரும் மனைவியும் ஊரில் பாடசாலை கட்டத் தொடங்கினார்கள். 2003இல் நியாகா பாடசாலை 56 பிள்ளைகளோடு திறக்கப்பட்டது. அங்கே கட்டணம் இல்லை. அதோடு சீருடை, புத்தகம், சாப்பாடு, மருத்துவக் கவனிப்பு எல்லாமே இலவசம்.

பாடசாலை விட்ட பிறகு இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? அநேகமாக ஒரு பாட்டியின் வீட்டுக்கு. தன் பிள்ளைகளை அடக்கம் செய்துவிட்டு, வயது போன காலத்தில் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பெண் அவர். அதனால்தான் நியாகா நிறுவனம் பாட்டிமாரைக் குழுக்களாகச் சேர்த்து, அவர்களுக்கும் உதவத் தொடங்கியது. பாட்டி விழுந்துவிட்டால் பிள்ளையின் படிப்பும் விழுந்துவிடும்.

இதே உண்மையை நம் கியூபெக் மாகாணத்துத் தேவாலயம் ஒன்றும் கேட்டது. 2004இல் ரோஸ் லெட்வாபா என்ற தென்னாபிரிக்கத் தாதி, ஒட்டாவாவுக்கு வடக்கே உள்ள வேக்ஃபீல்ட் என்ற சிற்றூருக்கு வந்தார். ஜொகானஸ்பேர்க்கின் அலெக்சாண்ட்ரா பகுதியில் வேலை செய்தவர் அவர். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அங்குள்ள பாட்டிமாரைப் பற்றி அவர் தேவாலயத்தில் பேசியதைக் கேட்டு, அவ்வூரின் வயதான பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, அலெக்சாண்ட்ரா பாட்டிமாரோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டு உதவி செய்தார்கள். 2006இல் ஸ்டீபன் லூயிஸ் அறக்கட்டளை ரொறன்ரோவில் நடத்திய சந்திப்பில் 100 ஆபிரிக்கப் பாட்டிமாரும் 200 கனடியப் பாட்டிமாரும் கூடினார்கள். கனடா எங்கும் இன்று இப்படிப்பட்ட குழுக்கள் உண்டு.

தாதியாக ஒன்றிரண்டு விஷயங்களையும் சொல்ல வேண்டும். எயிட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த பிள்ளைகள் எல்லாருக்கும் எச்.ஐ.வி. இருப்பதில்லை. சிகிச்சையே இல்லாத நிலையிலும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரைதான். தாய்க்கு உரிய மருந்து கிடைத்தால் அது 5க்கும் கீழே போய்விடும். தொற்று உள்ள பிள்ளையும் நாள்தோறும் மருந்து எடுத்தால் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்து படிக்கலாம். ஒரே வாங்கில் இருப்பதாலோ, ஒன்றாகச் சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ இது தொற்றாது.

அந்த மருந்துகளில் முக்கியமான லமிவுடின் நம் மொன்றியலில் பிறந்தது. 1989இல் பேர்னார்ட் பெல்லோவும் அவருடைய குழுவினரும் அதை உருவாக்கினார்கள். ஆனால் கூட்டு மருந்துச் சிகிச்சைக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டொலருக்கு மேல் செலவாகிய காலம் இருந்தது. 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம், லமிவுடின் சேர்ந்த கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டொலருக்குத் தர முன்வந்தது. மருந்து இருந்தும் விலை தடையாக நின்ற அந்த ஆண்டுகளில்தான் இந்தப் பிள்ளைகள் பலரின் பெற்றோர் இறந்துபோனார்கள்.

யாக்கோபு தம் நிருபத்தில், முதலாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், திக்கற்ற பிள்ளைகளைத் தனியாகச் சொல்லவில்லை. விதவைகளோடு சேர்த்தே சொல்கிறார். அந்தக் கிராமங்களில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள்.

ஆகவே தம்பிமாரே, தங்கைமாரே, அடுத்த முறை நம் வாலிபர் ஐக்கியம் இப்படியொரு பணிக்குக் காணிக்கை சேர்க்கும்போது, அனுப்பும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். சாப்பாடும் சீருடையும் கணக்கில் உண்டா? பிள்ளையைச் சொந்த ஊரிலும் உறவினரோடும் வைத்திருக்க முயல்கிறார்களா, அல்லது விடுதிக்கு எடுத்துவிடுகிறார்களா? பாட்டிக்கு என்ன கிடைக்கிறது? மருந்து எடுக்கும் பிள்ளை கிளினிக்குக்குப் போக வழி இருக்கிறதா? ஆரம்பப் பாடசாலை முடிந்த பிறகு உயர்வகுப்புக்கு யார் பொறுப்பு? பிள்ளைகளின் முகத்தையும் அவர்களுடைய நோயையும் படமாகப் போட்டுத்தான் பணம் கேட்கிறார்களா?

பதில் தெளிவாக வந்தால், ஒரு ஞாயிறு மட்டும் கொடுத்து நிறுத்தாமல் தொடர்ந்து கொடுங்கள். முதலாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு உகண்டாவில் ஆரம்பப் பாடசாலை முடிக்கவே ஏழு ஆண்டுகள் வேண்டும். அந்த ஏழு ஆண்டுகளுக்கும் மாதம் ஐந்து டொலராவது தவறாமல் தர எத்தனை பேர் இருக்கிறோம் என்று அடுத்த கூட்டத்தில் எண்ணிப் பார்ப்போம்.